கிங்ஃபிஷ் இழுத்தால் எது முதலில் அறும்?

மேற்கு சிட்னியிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், வேலை விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தைத் தருகிறேன். குமரி மாவட்டக் கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா வள்ளத்தில் போய்க் கைத்தூண்டிலில் நெய்மீன் பிடித்தவர். மகன் கணினி வேலைக்காக இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. சென்ற கோடையில் சிட்னி துறைமுகத்துக்குள் இருக்கும் கிளிஃப்டன் கார்டன்ஸ் படகுத்துறையில், பக்கத்தில் நின்ற ஒருவர் கிங்ஃபிஷ் ஒன்றை மேலே ஏற்றியதைப் பார்த்ததும் பழைய ஆசை கிளம்பியிருக்கிறது. இணையத்தில் 69 டாலருக்குக் கம்பும் ரீலும் சேர்ந்த செட் ஒன்றை வாங்கினார். 'கடலின் பெரிய மீன்களுக்கு' என்று விளம்பரம். பெட்டியில் '10000' என்றும் '13+1 பேரிங்' என்றும் அச்சிட்டிருந்ததாம். அதில் 30 பவுண்டு இழுப்பைத் தாங்கும் தூண்டில் நரம்பைச் சுற்றினார். இரண்டு மாதத்தில் இரண்டு மீன் மாட்டின, இரண்டும் போய்விட்டன. முதல் மீன் அறுத்துக்கொண்டு போனபோது கையில் மிஞ்சிய நரம்பின் நுனி பன்றிவால்போலச் சுருண்டிருந்தது. இரண்டாவது மீன் இழுத்த இழுப்பில் ரீலின் கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று விரல்முட்டியை அடித்து வீங்கவைத்தது. அவர் கையை உதறிக்கொண்டிருந்த நேரத்தில் மீன் துறையின் தூணைச் சுற்றிவிட்டது.

இப்போது வீட்டில் ஒப்புக்கொண்ட தொகை 500 டாலர். நண்பர் ஒருவர், "14000 அளவு ரீல், 80 பவுண்டு பிரெய்ட் (பின்னிய நரம்பு), மொத்தம் 900 டாலர், அதற்குக் குறைந்து இறங்காதே" என்கிறார். இன்னொருவர் பழைய ரீல் போதும் என்கிறார். வாசகரின் கேள்விகள் இவை: 500 டாலருக்குள் முடியுமா? ஊரில் செய்வதுபோல தூண்டில் முள்ளுக்குமேல் எஃகுக் கம்பி கட்டவேண்டுமா? படகுக்கு வழியில்லாததால் கடலோரப் பாறைகளில் நின்று பிடிக்கலாமா? நிறையக் கிடைத்தால் தெரிந்த உணவகம் ஒன்றுக்கு விற்றுச் செலவைத் தேற்றலாமா?

அன்புள்ள தம்பி,

இருபது வருடமாக ரீல் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குமுன் கூலிக்கு மீன்பிடிக்க அழைத்துப்போகும் படகில் வேலை. தோற்றுப்போன சாமான்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன் என்பதால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அந்தப் பன்றிவால்தான். அறுந்த நரம்பைக் கோபத்தில் கடலில் எறிந்துவிடாமல் நுனியைப் பார்த்தீர்களே, பாதி நோயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அறுந்த நுனி மூன்று விதமாக இருக்கும். வெட்டியதுபோலச் சுத்தமாக இருந்தால் பல் அல்லது கூரான விளிம்பு. சொரசொரவென்று பால்வெள்ளையாக உரிந்திருந்தால் பாறையிலோ தூணிலோ சிப்பியிலோ உரசியது. சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கி அவிழ்ந்தது. அதாவது உங்கள் முதல் மீன் 30 பவுண்டு நரம்பை அறுக்கவே இல்லை. முள்ளில் நீங்கள் போட்ட முடிச்சு, ஒவ்வொரு சுற்றாக உருவிக்கொண்டு கழன்றிருக்கிறது. நரம்பு முழுப் பலத்தோடு உங்களிடமே இருக்கிறது. 80 பவுண்டு போட்டிருந்தாலும் அதே முடிச்சு அதே மாதிரிதான் கழன்றிருக்கும். தடித்த நரம்பில் முடிச்சு இறுகுவது இன்னும் கடினம்.

இரண்டாவது மீன் போனது ரீலின் குற்றம். கைப்பிடி பின்னால் சுழலாமல் தடுக்க ரீலுக்குள் ஒருவழி உருளை பேரிங் ஒன்று உண்டு. மலிவு ரீலில் முதலில் கைவிடுவது அதுதான். 'மொத்தம் பதினான்கு பேரிங்' என்பதில் மயங்காதீர்கள். நல்ல பேரிங் ஐந்து இருந்தால் போதும். மட்டமான பதினான்கும் இரண்டாவது உப்புக்காற்றில் கரகரக்கும். பெட்டியில் போட்டிருந்த '10000' என்ற எண்ணுக்கும் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 5000 இன்னொன்றின் 8000 அளவுக்கு இருக்கும்.

அந்த 69 டாலரை விட்டுவிடவும் வேண்டாம். வியாபாரமாக விற்கிற எவரும், கடையானாலும் இணையமானாலும், சொன்ன பயனுக்கு உதவுகிற பொருளைத்தான் தரவேண்டும் என்பது ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம். பெரிய மீன்களுக்கு என்று விளம்பரம் செய்த ரீல் இரண்டாவது மீனிலேயே பின்னோக்கிச் சுழல்கிறது என்றால் பணத்தையோ மாற்றையோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ரசீது தொலைந்திருந்தால் வங்கிக் கணக்கின் பதிவே சான்றாகும். கைப்பிடி பின்னால் போவதைக் காணொளியாக எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். மறுத்தால் மாநிலத்தின் ஃபேர் டிரேடிங் அலுவலகத்தில் புகார் செய்யலாம். விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் சட்டம் இருந்தும் கைக்கு எட்டாது. அப்படியானால் 69 டாலர் கல்விக்கட்டணம்.

பெயர் ஒன்று, மீன் வேறு

எஃகுக் கம்பிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இந்தக் குழப்பத்தில் நீங்கள் தனியாள் இல்லை. நம் ஊர் மீன் கடைகளிலும் உணவகப் பட்டியல்களிலும் 'கிங்ஃபிஷ்' என்றால் சென்னையின் வஞ்சிரம், உங்கள் குமரியின் நெய்மீன், யாழ்ப்பாணத்தின் அறுக்குளா. அது அயிலை, சூரை வகையறாவைச் சேர்ந்தது. கத்தரிபோன்ற பல்லால் நரம்பை ஒரே கடியில் துண்டாக்கும். அதற்குக் கம்பி கட்டிய உங்கள் அப்பா செய்தது சரி. அந்த மீனே வேண்டுமென்றால் குயின்ஸ்லாந்துப் பக்கம் ஸ்பானிஷ் மேக்கரல் என்று கேளுங்கள்.

சிட்னியில் கிங்ஃபிஷ் என்பது மஞ்சள் வால் கிங்ஃபிஷ். அது நம் பாரையின் குடும்பம். வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், வெட்டாது. ஆகவே கம்பி தேவையில்லை. தெளிந்த தண்ணீரில் கம்பி பளபளத்தால் அருகில் வந்த மீனும் திரும்பிப் போய்விடும். இந்த மீன் பல்லால் அறுப்பதில்லை, இடத்தால் அறுக்கும். மாட்டிய மறுநொடி நேராகக் கீழே தலையைக் குத்தி, அருகில் என்ன இருக்கிறதோ அதற்குள் ஓடும்: பாறை இடுக்கு, நங்கூரச் சங்கிலி, துறையின் சிப்பி பிடித்த தூண். நெய்மீன் வெளிக்கடலை நோக்கி நீளமாக ஓடிக் களைக்கும், நாம் விட்டுப் பிடிக்கலாம். இங்கே விட்டால் போச்சு. சாமான் தேர்வு முழுவதும் இந்த ஒரு குணத்தை வைத்துத்தான்.

(ஒரு சின்ன எச்சரிக்கை: நெய்மீன் வறுவலை எதிர்பார்த்து இந்த மீனைச் சட்டியில் போட்டால் ஏமாறுவீர்கள். கொழுப்பு அதிகம், சதை இறுக்கம். பிடித்த உடனே செவுளுக்கு அருகே கீறி இரத்தம் வடியவிட்டு ஐஸில் வைத்தால் குழம்புக்கு நன்றாக இருக்கும்.)

பணத்தை பிரேக்குக்குக் கொடுங்கள்

உங்கள் நண்பர் சொல்லும் 900 டாலர் சாமான் மட்டமானதில்லை. ஆழ்கடலில் இருபது கிலோ மீனைப் படகிலிருந்து தூக்குகிறவருக்கு அது வேண்டும். இந்த இனத்தில் உலக சாதனையே நியூசிலாந்தில் பிடித்த 52 கிலோ. துறைமுகத்துக்குள் உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் அறுபது, எழுபது சென்டிமீட்டர் மீன்கள். 65 சென்டிமீட்டர் மீன் ஏறக்குறைய மூன்று கிலோ. ஒரு மீட்டர் மீன் பத்து, பதினொரு கிலோ. எப்போதாவது அந்தப் பத்துக் கிலோ வரும். அதற்குத்தான் தயாராக வேண்டும்.

பத்துக் கிலோ மீனுக்குப் பத்துக் கிலோ தாங்கும் நரம்பு என்று கடிதத்தில் நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நரம்பின் வேலை மீனை நிறுப்பதில்லை. தண்ணீருக்குள் மீனுக்கு எடையே கிடையாது, இழுப்புத்தான் உண்டு. அந்த இழுப்பு எவ்வளவுக்குமேல் போனால் நரம்பை விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிப்பது டிராக், அதாவது ரீலின் பிரேக். நரம்பின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை டிராக்கை வைப்பது வழக்கம். 50 பவுண்டு பிரெய்ட் ஏறக்குறைய 23 கிலோ தாங்கும்; டிராக் ஏழு, ஏழரைக் கிலோ. துறையிலிருந்து பிடிக்கும் உங்களுக்கு இது போதும்.

ஏழு கிலோ அற்பம் என்று நினைக்காதீர்கள். கம்பு ஒரு நெம்புகோல்தான், ஆனால் அது மீனுக்குச் சாதகமான நெம்புகோல். நுனி உங்களிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. உங்கள் இரண்டு கைகளுக்கும் இடையே அரை மீட்டர்கூட இல்லை. நுனியில் ஏழு கிலோ தொங்கினால் முன்கை முப்பது கிலோவுக்குமேல் தாங்கவேண்டும். 14000 ரீலில் இருபது கிலோ டிராக் இருக்கலாம். அதை நின்றபடி பயன்படுத்த உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. தண்ணீரில் விழுவோம். பயன்படுத்த முடியாத பலத்துக்கு நானூறு டாலர் அதிகம் கொடுக்கத் தேவையில்லை.

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டி எடைபோட வைத்திருப்போமே, கொக்கி மாட்டிய கைத்தராசு, அது போதும். நரம்பைக் கம்பின் வளையங்கள் வழியாக இழுத்துத் தராசில் கட்டி, மனைவியைத் தராசைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் கம்பைப் பாதி உயரத்துக்குத் தூக்கி மெல்லப் பின்னால் நகருங்கள். ரீல் நரம்பை விடத் தொடங்கும்போது எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். என் மேசைக்கு வருகிறவர்கள் 'எட்டுக் கிலோ வைத்திருக்கிறேன்' என்று சொல்வார்கள். தராசு மூன்று காட்டும். எண்ணைவிட முக்கியம் அது எப்படி விடுகிறது என்பது. ஒரே சீராக 'ஸ்ஸ்ஸ்' என்று போனால் நல்ல பிரேக். பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு, தராசின் முள் ஐந்துக்கும் பத்துக்கும் தாவினால், அந்தப் பத்தில்தான் உங்கள் முடிச்சு போகும். 69 டாலர் ரீலுக்கும் 200 டாலர் ரீலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய இவ்வளவுதான்: உள்ளே கம்பளித் துணி வட்டுகளுக்குப் பதிலாகக் கார்பன் வட்டுகள், பிளாஸ்டிக்குக்குப் பதிலாக உலோக உடம்பு, திருகிப் பொருத்தும் கைப்பிடி.

இன்னொன்று. மீன் ஓட ஓட, ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் இளைக்கும். சுற்றியிருக்கும் நரம்பின் விட்டம் பாதியானால், நீங்கள் திருகைத் தொடாமலேயே டிராக் இரட்டிப்பாகும். பெரிய மீன் தூரத்தில் இருக்கும்போது அறுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. அப்போது திருகை இன்னும் இறுக்குவதுதான் எல்லோருக்கும் வரும் புத்தி. அந்தக் கையை அடக்குங்கள்.

500 டாலரை எப்படிப் பங்கிடுவது

நானாக இருந்தால் ரீலுக்கு 180 முதல் 200 டாலர் ஒதுக்குவேன். டைவா பிஜி, பென் பேட்டில் இரண்டும் இந்த விலைக்கு நெருக்கமாக, தள்ளுபடி நாட்களில் கிடைப்பவை. 5000 அல்லது 6000 அளவு, 50 பவுண்டு பிரெய்ட் 250 மீட்டருக்குக் குறையாமல் கொள்ளவேண்டும். இந்த இரண்டும்தான் வேண்டும் என்பதில்லை. கடையில் திருகை இறுக்கி, நரம்பைக் கையால் இழுத்துப் பார்த்து, சீராக விடுகிற எதுவும் சரி.

கம்புக்கு நூறு டாலர் போதும். ஏழடி, பத்து முதல் பதினைந்து கிலோ என்று எழுதியிருப்பது. இலேசான கார்பன் கம்பு கைக்குச் சுகம், ஆனால் துறையின் கைப்பிடிச் சுவரில் ஒருமுறை மோதினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து அடுத்த மீனில் படாரென்று முறியும். கண்ணாடியிழை கலந்த கம்பு கொஞ்சம் கனம், ஆனால் அடி தாங்கும்; அக்லி ஸ்டிக் மாதிரியான கம்புகளுக்கு இத்தனை வருடமாக இருக்கும் நல்ல பெயர் அதனால்தான். பழக்கமில்லாத கைக்குக் கண்ணாடியிழையைத்தான் சொல்வேன். எதுவானாலும், மீன் காலடிக்கு வந்தபின் கம்பை நட்டுக்குத்தாகத் தூக்காதீர்கள். நடுக்கம்பில் இருக்கவேண்டிய பாரம் மெல்லிய நுனிக்குப் போய்விடும். முறிந்து என்னிடம் வருகிற கம்புகளில் பாதி இப்படி முறிந்தவை.

பிரெய்ட்டுக்கு 40, 50 டாலர். ஸ்பூலின் வெறும் உலோகத்தில் பிரெய்ட்டை நேராகச் சுற்றினால் மொத்தச் சுருளும் வழுக்கிச் சுழலும். அடியில் சில மீட்டர் சாதா நரம்பைச் சுற்றிவிட்டு அதன்மேல் கட்டுங்கள். நுனியில் இரண்டு மீட்டர் தடித்த நரம்பு, 60 அல்லது 80 பவுண்டு; இதைத்தான் லீடர் என்கிறார்கள். தூணில் உரசினால் தாங்கப்போவது அதுதான், பிரெய்ட் உரசலுக்கு நூலாம்படை. ஃப்ளோரோகார்பன் நரம்பு என்று மூன்று மடங்கு விலையில் வைத்திருப்பார்கள். உங்களுக்கு வேண்டாம், சாதா நைலான் 15, 20 டாலருக்குக் கிடைக்கும். 6/0, 7/0 அளவில் வட்ட முள், ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் வளையம்), ஈயம் எல்லாம் 15 டாலர். கணவாய் பிடிக்கும் ஜிக் (போலி இரை) இரண்டு, 20 முதல் 25 டாலர்.

கணவாயை ஏன் இதில் சேர்த்தேன்? கிங்ஃபிஷ்ஷுக்கு அதைவிட நல்ல இரை சிட்னியில் இல்லை. கடையில் உறைந்த பொட்டலம் வாங்குவதைவிட, நீங்கள் நிற்கும் அதே துறையில் விடிகாலையில் ஜிக் போட்டுப் பிடித்த கணவாயை உயிரோடு விடுங்கள். கிடைக்காவிட்டால் சின்னத் தூண்டிலில் யெல்லோடெயில்; இது மஞ்சள் வால் கிங்ஃபிஷ் இல்லை, இரைக்குப் பிடிக்கும் வேறொரு சின்ன மீன். இரை இலவசம் என்பதால் பட்ஜெட்டுக்கும் நல்லது. வட்ட முள்ளில் மீன் எடுத்ததும் வெடுக்கென்று கொத்தி இழுக்காதீர்கள். நரம்பு இறுகும்வரை சுற்றினால் முள் தானே வாயோரத்தில் ஏறும். ஊர்ப் பழக்கத்தில் கை துள்ளும், தெரியும்.

எல்லாம் கூட்டினால் உச்சக் கணக்கில் 410 டாலர். மீதி 90 டாலரை எதற்கு வைத்திருக்கிறேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முடிச்சுக்குச் செலவு கிடையாது, நேரம்தான் வேண்டும். யூனி முடிச்சு ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். முள்ளுக்கும் அதுவே, பிரெய்ட்டையும் லீடரையும் இணைக்க அதையே இரண்டாகப் போட்டால் போதும். இருபது முடிச்சு சாப்பாட்டு மேசையில் போடுங்கள். இறுக்குவதற்குமுன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்து இறுகினால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலமிழக்கும். ஒவ்வொன்றையும் அதே தராசில் பத்துக் கிலோ வரை இழுங்கள். பன்றிவால் வந்தால் அந்த முடிச்சை மறுபடி போடுங்கள். பிரெய்ட்டில் மட்டும் சுற்று இரண்டு மூன்று அதிகம் போடவேண்டும், அது வழுவழுப்பு.

பழைய ரீல்

பழையது வாங்கலாம். 350 டாலர் ரீல் 150 டாலருக்குக் கிடைத்தால் புதிய 200 டாலர் ரீலைவிட அது மேல்தான். ஆனால் தனியாளிடம் வாங்கினால், நான் மேலே சொன்ன நுகர்வோர் உத்தரவாதம் கிடையாது. அதனால் வாங்குமுன் ஐந்து நிமிடம் அவர் எதிரிலேயே பாருங்கள். ஸ்பூலைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். தண்டில் பச்சையாகக் களிம்போ வெள்ளையாக உப்புப் பொருக்கோ இருந்தால் உள்ளே இன்னும் மோசம். கைப்பிடியைப் பின்னால் அழுத்துங்கள், ஒரு நூல்கூட அசையக்கூடாது. நரம்பு திரும்பும் சிறிய உருளையை விரலால் உருட்டுங்கள், சுழலாவிட்டால் பிரெய்ட்டை அது அறுத்துவிடும். பிறகு டிராக்கை இறுக்கி மெதுவாக இழுங்கள். முதல் இழுப்பில் ஒட்டிக்கொண்டு பிறகு விட்டால், வருடக்கணக்கில் இறுக்கியே வைத்திருந்தார் என்று பொருள். வட்டு மாற்ற எனக்கோ என்னைப்போன்ற ஒருவருக்கோ பணம் தரவேண்டியிருக்கும், அதை விலையில் கழியுங்கள்.

கம்பு பழையதானால், காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்துப்போய் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றுங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே கீறல். பிரெய்ட் அந்த வளையத்தில் அறும்.

வாங்கியபின், வீடு திரும்பிய ஒவ்வொரு இரவும் டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மழைத்தூறல்போல மேலே விட்டு, துடைத்து, பிறகு டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பை உள்ளே தள்ளுவீர்கள். இதைச் செய்கிறவர்களால் எனக்கு வருமானமே இல்லை.

கைத்தூண்டிலைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நண்பரின் படகு நங்கூரமிட்டு நிற்கும்போது தடித்த நைலான் நரம்பும் கையுறையும் இருந்தால் அது இன்றைக்கும் அருமையான சாமான், மிகவும் மலிவு. ஆனால் பிரெய்ட்டைக் கையால் பிடிக்காதீர்கள். எந்த நரம்பையும் கையில் சுற்றவும் கூடாது. அப்பா கட்டாயம் சொல்லியிருப்பார்.

பாறை, அளவு, விற்பனை

பாறைக் கேள்விக்கு என் பதில்: இந்த வருடம் வேண்டாம். நியூ சவுத் வேல்ஸில் பாறையில் மீன்பிடிக்கப் போய் அலை அடித்து இறக்கிறவர்கள் வருடம் தவறாமல் இருக்கிறார்கள். அவர்களில் நம்மைப்போல வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் பலர். கடற்கரையில் பிறந்தவன் என்ற நம்பிக்கைதான் உங்களைப் பற்றி எனக்குள்ள கவலை. உங்கள் ஊர்க் கடலை அறிந்த கால்களுக்கு இந்தக் கரையின் அலைகள் பழக்கமில்லை. இருபது நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு ஒன்று மட்டும் பாறைமேல் ஏறும். 2016ஆம் ஆண்டின் பாறை மீன்பிடிப் பாதுகாப்புச் சட்டப்படி ராண்ட்விக் போன்ற அறிவிக்கப்பட்ட பகுதிகளில் உயிர்காப்பு மேலங்கி கட்டாயம். மற்ற இடங்களில் சட்டம் கேட்காவிட்டாலும் நான் கேட்கிறேன். அந்த 90 டாலர் இதற்குத்தான்: 35 டாலர் ஒருவருட மீன்பிடிக் கட்டணம், மீதியில் நுரை வைத்த எளிய மேலங்கி. துறையில் நிற்கும்போதும் போட்டுக்கொள்ளுங்கள், மூன்று வயது மகளைக் கூட்டிப்போவதாக எழுதியிருக்கிறீர்கள், அவளுக்கும் ஒன்று.

கட்டணச் சீட்டு இல்லாமல் தூண்டிலைத் தண்ணீரில் விடக்கூடாது; மாநில அரசின் சர்வீஸ் என்எஸ்டபிள்யூ தளத்தில் ஐந்து நிமிட வேலை. கிங்ஃபிஷ் 65 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளக்கவேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து. துறையில் மாட்டுவதில் நிறையவே 60, 62 என்று வந்து வயிற்றெரிச்சலைக் கிளப்பும், விட்டுவிடுங்கள். 1996இல் மிதவைப் பொறிகளைத் தடை செய்யும்வரை இந்த மீன் இந்தக் கரையில் எவ்வளவு மெலிந்துபோயிருந்தது என்பதைப் பார்த்தவர்கள் யாரும் அந்த மூன்று சென்டிமீட்டருக்காக வாதாட மாட்டார்கள். மேன்லியை ஒட்டிய ஷெல்லி கடற்கரை இருக்கும் கேபேஜ் ட்ரீ விரிகுடாவில் மீன்பிடிப்பே கூடாது. குடும்பத்தோடு போகும் இடம் என்பதால் சொல்கிறேன்.

விற்கும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். பொழுதுபோக்குக் கட்டணத்தில் பிடித்த மீனை விற்பது சட்டவிரோதம், நண்பரின் உணவகமானாலும். சாப்பாட்டுக்குப் பதிலாக மீன் கொடுப்பதும் இதே கணக்குத்தான். வாங்குகிற உணவகத்துக்கும் சிக்கல்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். பயிற்சிக்காகப் பரமட்டா நதியில் போட்டுப் பிடித்ததை வீட்டில் சமைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடித்த எதையும் சாப்பிடவேண்டாம் என்பது அரசின் அறிவுரை. ஹோம்புஷ் விரிகுடாப் பக்கத்துப் பழைய வேதித் தொழிற்சாலைகளின் டையாக்சின் என்ற நச்சு சேற்றில் படிந்திருக்கிறது. 2006இல் துறைமுகத்தில் வணிக மீன்பிடிப்பையே நிறுத்தியதும் இதனால்தான். பாலத்துக்குக் கிழக்கே பிடித்ததானாலும் பொதுவாக மாதத்துக்கு 150 கிராம் என்பதே அளவு. அந்த அறிவுரைப் பலகை துறைகளில் இருக்கும், பெரும்பாலும் யாரோ அதில் தூண்டிலைச் சாய்த்துவைத்திருப்பார்கள். ஒருமுறை ஒருநாள் சாப்பிட்டதற்குப் பயப்படவேண்டாம். மகளுக்கு அடிக்கடி கொடுக்கவேண்டாம். வெளிக்கடலில் பிடித்த மீனுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. நண்பரின் படகில் ஒருநாள் போனால் எரிபொருளுக்குப் பங்கு கொடுத்துவிட்டு அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக, துறையில் மீனை எப்படி மேலே ஏற்றப்போகிறீர்கள்? நான்கு கிலோ மீனை நரம்பைப் பிடித்துத் தூக்கினால் அந்தரத்தில் ஒரு உதறு, முடிந்தது. கயிற்றில் இறக்கும் வட்ட வலை வேண்டும். அதற்கு உங்கள் பட்ஜெட்டில் இடமில்லை என்பதால் அந்த இரண்டு நண்பர்களையும் சேர்ந்து ஒன்று வாங்கச் சொல்லுங்கள். இத்தனை யோசனை சொல்கிறவர்கள் இதையாவது செய்யட்டும்.

பழைய 69 டாலர் கம்பு முறியாமல் இருந்தால் யெல்லோடெயில் பிடிக்க வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சூடேறுவதற்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. அதற்குள் தராசுச் சோதனையைச் செய்துவிட்டு எத்தனை கிலோ காட்டியது, தராசின் முள் தாவியதா இல்லையா என்று இரண்டு வரி எழுதுங்கள்.